பற்கழுத்துத் தேய்வும் பல்நிற அடைப்புகளும்



மண்சுவர் எழுப்பிய பழைய வீடுகளைக் கிராமங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சுவரின் மேற்பகுதி பல ஆண்டுகள் சென்றாலும் கட்டுக்குலையாமல் நிற்கும். ஆனால் சுவர் தரையைத் தொடும் இடத்தில், கூரையிலிருந்து விழும் மழைநீர் தெறித்துத் தெறித்து, மண் அரிக்கப்பட்டுப் பள்ளமாகியிருக்கும். வீட்டுக்காரர் சேற்றைக் குழைத்து அப்பள்ளத்தில் அப்புவார். வழுவழுப்பான பள்ளத்தில் அப்பிய சேறோ அடுத்த மழைக்குள் பெயர்ந்து விழுந்துவிடும். நம் வாயிலுள்ள பற்களுக்கும் இதே கதி நேர்வதுண்டு. பல் ஈறைச் சந்திக்கும் இடத்துக்குப் பற்கழுத்து என்று பெயர். அவ்விடம் தேய்ந்து ஆப்பு வடிவில் பள்ளம் விழுந்திருப்பதை நடுவயதைக் கடந்த பலரிடம் காணலாம். அப்பள்ளத்தைப் பல்லின் நிறத்திலேயே, எளிதில் பெயர்ந்து விழாத ஒரு பொருளால் அடைப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண மனிதர் நூறாண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கின்றனர். அம்முயற்சியின் வரலாறே இன்று நாம் காணவிருக்கும் பொருள்.

ஒரு நெல்மணியின் அளவுகூட இல்லாத பள்ளத்துக்கு ஒரு வரலாறா என்று நீங்கள் வியக்கலாம். ஆனால் அச்சிறு பள்ளந்தான் பல் மருத்துவத்தில் கையாளப்பட்ட ஒவ்வொரு பொருளையும் சோதித்துப் பார்த்த உரைகல் ஆயிற்று. மற்ற இடங்களில் ஒருவாறு சமாளித்து நின்ற பொருள்கள் பலவும் இங்கே தோற்றன. அவற்றின் தோல்விகளிலிருந்தே நல்ல பொருள் பிறந்தது. தோல்வியைத் தூக்கி எறிந்துவிடாமல் அதனிடமே பாடம் கேட்டவர்களின் கதை இது என்றும் சொல்லலாம்.

முதலில் பற்கழுத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். நாம் கண்ணாடியில் காணும் பல்லின் வெண்பகுதியை எனாமல் என்னும் உறை போர்த்தியிருக்கிறது. மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறொன்றும் இல்லை. கடைவாய்ப் பல்லின் மேடுகளில் தடித்திருக்கும் இவ்வுறை, ஈறை நோக்கி இறங்க இறங்க மெலிந்து, கழுத்தருகே கத்தி முனைபோல் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர்ப்பகுதி தொடங்குகிறது. எனாமலுக்கு உள்ளே டென்டைன் என்னும் பொருள் இருக்கிறது. இது எனாமலைவிட மென்மையானது. இதனுள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்குழாய்கள் பற்கூழை நோக்கிச் செல்கின்றன. எனாமல் தேய்ந்து டென்டைன் வெளிப்படும்போது, குளிர்ந்த நீரோ காற்றோ பட்டவுடன் அக்குழாய்களிலுள்ள நீர்மம் அசைகிறது; அவ்வசைவு உள்ளிருக்கும் நரம்பைத் தூண்டுகிறது. பல் கூசுகிறது என்று நாம் சொல்வது இதைத்தான்.

பற்கழுத்து ஏன் தேய்கிறது? சொத்தைப் பல்லுக்குக் காரணமான கிருமிகள் இதற்குக் காரணம் அல்ல. இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1778-ஆம் ஆண்டில் வெளியிட்ட பல்நோய் பற்றிய நூலிலேயே, சொத்தையின்றிப் பல்லின் மேற்பரப்பு கரைந்து வெறுமையாகும் நிலையைத் தனியே குறிப்பிட்டிருக்கிறார். அதன் காரணத்தைச் சோதனை வாயிலாக ஆராய முற்பட்டவர் வில்லோபி மில்லர் என்பவர். அமெரிக்காவிற் பிறந்து பெர்லினில் பணியாற்றிய இவர், சொத்தைக்குக் காரணம் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் என்று 1890-இல் விளக்கியவர். தம் வாழ்நாளின் இறுதி ஆண்டான 1907-இல் இவர் பல் தேய்வு பற்றிய நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். பறித்தெடுத்த பற்களைத் தூரிகையால் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் மட்டும் தொட்டுத் தேய்த்தபோது பெரிய சேதமில்லை. அக்காலத்துப் பற்பொடிகளைச் சேர்த்துத் தேய்த்தபோது, வாயிற் காணும் அதே ஆப்பு வடிவப் பள்ளங்கள் விழுந்தன. குற்றவாளி தூரிகை மட்டும் அன்று. அதனுடன் சேர்ந்த சொரசொரப்பான பொடியே என்பது விளங்கிற்று.

இவ்வுண்மை நமக்குப் புதிதாகத் தோன்றலாகாது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று சொல்லி வளர்ந்த நம் நாட்டிலேயே, செங்கற்பொடி, அடுப்புக்கரி, உமிக்கரி, சாம்பல், மணல் ஆகியவற்றை விரலில் தொட்டு அழுத்தித் தேய்த்தவர்களும் இருந்தனர். பல் பளிச்சென்று ஆகும். ஆனால் கழுத்தும் சேர்ந்து தேயும். இவற்றோடு புளிப்பும் சேர்ந்துகொண்டால் தேய்வு விரைவுபடும். எலுமிச்சை, புளிப்பான பானங்கள், அடிக்கடி எதிர்க்களித்து வரும் இரைப்பை அமிலம் ஆகியவை பல்லின் மேற்பரப்பை மென்மையாக்குகின்றன. மென்மையான பரப்பு எளிதில் தேய்கிறது. மூன்றாவதாக ஒரு காரணமும் கூறப்பட்டது. பற்களைக் கடித்து அரைக்கும்போது ஏற்படும் விசை கழுத்தருகே குவிந்து, எனாமலில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்குகிறது என்று 1984-இல் லீ, ஈக்கிள் என்னும் இரு அமெரிக்கர் எழுதினர். 1991-இல் கிரிப்போ என்பவர் இதற்கு ‘அப்ஃபிராக்ஷன்’ என்று பெயரிட்டார். விசையின் பங்கு எவ்வளவு என்பது பற்றி ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது. பொதுவாக, தேய்ப்பும் புளிப்பும் விசையும் கைகோத்தே இவ்வேலையைச் செய்கின்றன என்று கொள்ளலாம்.

இனி, அடைப்பின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஜி. வி. பிளாக் என்னும் பேராசிரியர் 1908-இல் வெளியிட்ட தம் பெருநூலில், பற்குழிகளை அவை அமையும் இடத்தை ஒட்டி ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் அமைவது ஐந்தாம் வகுப்பு. அன்று கையிலிருந்த முக்கிய அடைப்புப் பொருள்கள் தங்கத் தகடும், வெள்ளியும் பாதரசமும் கலந்த ரசக்கலவையும் ஆகும். இவ்விரண்டும் பல்லோடு ஒட்டுபவை அல்ல. வாய் குறுகி உள்ளே அகன்ற குடத்தில் திணித்த துணி வெளியே வராததுபோல, உள்ளே அகன்ற குழியில்தான் அவை நிற்கும். ஆகவே அடைப்பை நிறுத்துவதற்காக நல்ல பல்லையும் குடைந்தெடுக்க வேண்டியிருந்தது. சொத்தையால் உண்டாகும் குழியிலாவது குடைந்தெடுக்கக் கெட்ட பகுதி உண்டு. தேய்ந்த கழுத்திலோ தட்டுப்போல் விரிந்த, வழுவழுப்பான, கெடாத பரப்பே இருக்கிறது. பழுதைச் சரிசெய்யப் புதிய பழுதை உண்டாக்குவது எத்துணைப் பொருந்தாச் செயல்! மேலும், சிரித்தால் தெரியும் இடத்தில் தங்கமும் வெள்ளியும் மின்னுவதைப் பலர் விரும்பவில்லை.

எனவே பற்கழுத்துக்கு வேண்டிய பொருள் நான்கு தேர்வுகளில் வெல்ல வேண்டியிருந்தது. முதலாவது நிறம்; பல்லின் நிறமும் ஒளி ஊடுருவும் தன்மையும் அதற்கு வேண்டும். இரண்டாவது பிடிப்பு; குடையாமலேயே அது பல்லைப் பற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நிலைப்பு, உமிழ்நீரிலும் சூட்டிலும் குளிரிலும் அது கரையாமலும் வெடிக்காமலும் இருக்க வேண்டும். நான்காவது, பற்கூழுக்கு அதனால் தீங்கு நேரலாகாது. இந்நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டு, வந்துபோன பொருள்களை வரிசையாக அளந்து பார்ப்போம்.

முதலில் வந்தது சிலிக்கேட் சிமெண்ட். இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் பிளெட்சர் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு வித்திட்டார். ஜெர்மனியில் ஸ்டீன்பாக் 1904-இல் அதைச் செம்மைப்படுத்தினார். அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த ஒருவகைக் கண்ணாடியைத் தூளாக்கிப் பாஸ்பாரிக் அமிலத்தில் குழைத்தால், சில நிமிடங்களில் அது பல்லைப் போலவே மங்கிய ஒளியுடன் இறுகும். கண்ணாடியை உருக்குவதற்கு உதவியாக ஷோன்பெக் என்பவர் 1908-இல் புளோரைடு உப்புகளைச் சேர்த்தார். அழகைப் பொறுத்தவரை அன்று இதற்கு இணையில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் முன்பற்களின் அடைப்பில் இதுவே முதலிடம் பெற்றிருந்தது.

ஆனால் மற்ற மூன்று தேர்வுகளில் சிலிக்கேட் தடுமாறிற்று. அது பல்லோடு ஒட்டவில்லை. வாயில் அமிலம் சுரக்கும் இடங்களில், குறிப்பாக உணவுத் துகள் தங்கும் ஈறோரத்தில், சில ஆண்டுகளில் கரைந்து போயிற்று. வாயால் மூச்சு விடுவோரிடம் உலர்ந்து வெடித்தது. குழைத்த கலவையின் காரமான அமிலம் பற்கூழை எரிச்சலூட்டியது. அதைத் தடுக்க அடியில் வேறொரு சிமெண்ட்டைப் பூச வேண்டியிருந்தது. எனினும் மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். சிலிக்கேட் அடைப்பு கரைந்து ஓரம் திறந்துகொண்ட இடங்களிலும் புதிய சொத்தை அரிதாகவே விழுந்தது. கண்ணாடியை உருக்கும் வசதிக்காகச் சேர்த்த புளோரைடு மெல்லக் கசிந்து, சுற்றியிருந்த பல்லைக் காத்து வந்தது! யாரும் திட்டமிடாமல் கிடைத்த இந்நன்மையை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டும்.

அடுத்து வந்தது அக்ரிலிக் பிசின். 1930-களில் செயற்கைப் பற்கட்டுகள் செய்ய இப்பிளாஸ்டிக் பயன்படலாயிற்று. வெப்பமின்றி வாயிலேயே இறுகும் வகையை ஜெர்மானியர் 1940-களில் உருவாக்கினர். நிறத்தில் இது வென்றது, உமிழ்நீரிலும் கரையவில்லை. ஆயினும் இறுகும்போது சுருங்கிப் பல்லின் விளிம்பை விட்டு விலகிற்று. அதுமட்டுமன்று, சூட்டில் விரியும் தன்மை இதற்குப் பல்லைப் போல் ஏறத்தாழ ஏழெட்டு மடங்கு. சூடான காப்பியைக் குடித்தால் அடைப்பு விரியும். குளிர்ந்த நீரைக் குடித்தால் சுருங்கும். 1952-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் இதனைக் கண்கூடாகக் காட்டினர். அக்ரிலிக் அடைத்த பல்லைக் குளிர்வித்துப் பின் கைச்சூட்டில் சூடேற்றியபோது, அடைப்பின் ஓரத்திலிருந்து நீர்த்துளிகள் ஊறி வெளிவந்தன. குளிரும்போது விளிம்பின் வழியே உமிழ்நீர் உள்ளே செல்கிறது. சூடேறும்போது வெளியே வருகிறது. ஒரு சிறு நீரேற்றும் இயந்திரமே பல்லுக்குள் இயங்கிற்று என்னலாம். அந்நீரோடு கிருமியும் சென்று வந்ததில் வியப்பென்ன?

இத்தோல்வி ஒரு பாடத்தைத் தெளிவாக்கியது. நிறமும் உறுதியும் மட்டும் போதா. பல்லோடு பிணைப்பு இல்லாத பொருள், குறிப்பாகப் பற்கழுத்தில், நிற்காது. பிணைப்புக்கு வழி காட்டியவர் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் பணிபுரிந்த மைக்கேல் புவனகோர். உலோகத்தின் மீது வண்ணப்பூச்சு நன்றாகப் பற்றுவதற்காக, தொழிற்சாலைகளில் முன்கூட்டியே பாஸ்பாரிக் அமிலம் பூசுவதை அவர் அறிந்திருந்தார். பல்லுக்கும் அதைச் செய்தால் என்ன என்று எண்ணினார். நூற்றுக்கு 85 பங்கு செறிவுள்ள அவ்வமிலத்தை எனாமலில் 30 வினாடி பூசிக் கழுவிய பின் அக்ரிலிக் பிசினை வைத்தார். அது முன்னைவிடப் பன்மடங்கு நேரம் பற்றி நின்றது. 1955-இல் அவர் இதை வெளியிட்டார். அமிலம் எனாமலில் எண்ணற்ற நுண்குழிகளைத் தோண்டுகிறது. பிசின் அவற்றுள் வேர்விட்டு இறுகுகிறது. வழுவழுப்பான அம்மியைக் கொத்தினால்தான் மிளகாய் நன்றாக அரைபடும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்த செய்தி. எனாமலைக் கொத்தியவர் புவனகோர். அவர் உளி அமிலம்.

பிசினின் குறையை நீக்கியவர் ரஃபேல் போவன். அமெரிக்கத் தேசிய அளவைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த இவர், பெரிய மூலக்கூறு கொண்ட புதியதொரு பிசினை உருவாக்கினார். மூலக்கூறு பெரிதானால் இறுகும்போது சுருக்கம் குறையும். அதனுள் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிலிக்காத் தூளைக் கலந்தார். தூளும் பிசினும் பிரியாதிருக்கத் தூளின் மேல் ஓர் இணைப்புப் பொருளைப் பூசினார். சுண்ணாம்பு மட்டும் சுவராகாது; மணலும் கல்லும் சேர்ந்தால்தான் கட்டடம் ஆகும் அன்றோ? 1962-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பல் மருத்துவர் ‘காம்போசிட்’ என்று சொல்லும் அடைப்புக்கு இதுவே மூலம். பின்னர், நீலநிற ஒளியைக் காட்டியவுடன் இறுகும் வகையும் வந்தது. நிறத்தின் சாயல்களை வேண்டியவாறு பொருத்தவும், மெருகேற்றவும் காம்போசிட்டுக்கு நிகர் இல்லை.

இத்துடன் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. பற்கழுத்தின் பள்ளத்துக்கு மேல்விளிம்பு எனாமல், கீழ்விளிம்போ டென்டைன். எனாமலில் உப்புச்சத்தே மிகுதி. நீர் மிகக் குறைவு. டென்டைனிலோ நாரும் நீரும் நிறைய உண்டு. எனாமலில் வேர்விட்ட பிசின், ஈரமான டென்டைனில் ஒட்ட மறுத்தது. இறுகும்போது ஏற்படும் சிறு சுருக்கம் மேல்விளிம்பை நோக்கி இழுக்க, கீழ்விளிம்பு திறந்துகொண்டது. தோக்கியோ நகரில் ஃபுஸயாமா 1979-இல் டென்டைனுக்கும் துணிந்து அமிலம் பூசும் முறையை வெளியிட்டார். அதே நகரில் நகபயாஷி 1982-இல் அதன் உட்பொருளை விளக்கினார். அமிலம் டென்டைனின் உப்பைக் கரைத்து நார்ப்பின்னலை வெளிப்படுத்துகிறது. அப்பின்னலுக்குள் பிசின் ஊறி இறுகி, பல்லும் பிசினும் கலந்த புதியதோர் அடுக்காகிறது. ஆனால் இது நுட்பமான வேலை. அதிகம் உலர்த்தினால் நார்ப்பின்னல் படுத்துவிடும். ஈரம் மிஞ்சினால் பிசின் நீர்த்துப் போகும். மருத்துவரின் கைத்திறத்தையும் பொறுமையையும் சார்ந்தே பிடிப்பு அமைகிறது. நெடுநாள் தேய்ந்து பளபளவென்று கெட்டித்துப்போன கழுத்து டென்டைனிலோ பிடிப்பு இன்னும் கடினம்.

இதற்கிடையே இங்கிலாந்தில் முற்றிலும் வேறொரு பாதையில் தேடல் நடந்தது. மான்செஸ்டரில் டென்னிஸ் ஸ்மித் என்பவர் 1968-இல் ஒரு புதிய சிமெண்ட்டை வெளியிட்டார். துத்தநாக ஆக்சைடுத் தூளைப் பாலிஅக்ரிலிக் அமிலத்தில் குழைத்தது அது. இவ்வமிலத்தின் மூலக்கூறு நீண்ட சங்கிலி போன்றது. அச்சங்கிலியின் கைகள் பல்லிலுள்ள கால்சியத்தைப் பற்றிக்கொண்டன. குடையாமலும் கொத்தாமலும் பல்லோடு ரசாயன முறையில் ஒட்டும் சிமெண்ட் இதுவே முதலாவது. மூலக்கூறு பெரிதாகையால் அது பற்கூழுக்குள் ஊடுருவித் தீங்கு செய்யவும் இல்லை. ஆனால் அதன் நிறம் சுண்ணாம்பு வெள்ளை, ஒளி ஊடுருவாது. முன்பல்லில் வைத்தால் ஒட்டுப்போட்டதுபோல் தெரியும்.

இப்போது இரு பொருள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிலிக்கேட்டுக்கு அழகு உண்டு, புளோரைடு உண்டு. பிடிப்பு இல்லை, அமிலம் காரமானது. ஸ்மித்தின் சிமெண்ட்டுக்குப் பிடிப்பு உண்டு, மென்மை உண்டு; அழகு இல்லை. ஒன்றின் தூளையும் மற்றொன்றின் அமிலத்தையும் சேர்த்தால் என்ன? லண்டனிலிருந்த அரசாங்க ரசாயன ஆய்வுக்கூடத்தில் ஆலன் வில்சனும் பிரயன் கென்ட்டும் இதைத்தான் செய்தனர். சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. சிலிக்கேட்டின் கண்ணாடித் தூள், மென்மையான இப்புதிய அமிலத்துக்குச் சரியாக இசையவில்லை. கிடைத்த கலவை உறுதியின்றி இருந்தது. கண்ணாடியில் சிலிக்காவைவிட அலுமினியத்தின் பங்கை உயர்த்தினால் மெல்லிய அமிலமும் அதைத் தாக்கும் என்று அவர்கள் கண்டறிந்தனர். 1969-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1970-களின் தொடக்கத்தில் தம் ஆய்வை வெளியிட்டனர். ‘கிளாஸ் அயனோமர்’ என்று இதற்குப் பெயர்.

முதலில் செய்த கலவை மெல்லவே இறுகிற்று. வேலைக்கு ஏற்றவாறு நெகிழவும் இல்லை. பல பொருள்களைச் சேர்த்துப் பார்த்த வில்சனும் அவர் உடனுழைத்தோரும், டார்டாரிக் அமிலம் சிறிதளவு சேர்த்தால் குழைப்பதற்கு வேண்டிய நேரம் கிடைப்பதுடன், பிறகு இறுகுவதும் விரைவாகிறது என்று கண்டனர். டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியம் அன்று. நம் குழம்புக்கும் ரசத்துக்கும் புளிப்புத் தரும் புளியில் நிறைந்திருப்பது அதுவே. பல்லைக் கூசச் செய்யும் அதே புளிப்பு, இங்கே பல்லைக் காக்கும் பொருளுக்குத் துணையாயிற்று!

இப்புதிய பொருள் எங்கே முதலில் தன் வலிமையைக் காட்டிற்று தெரியுமா? தேய்ந்த பற்கழுத்தில்தான். லண்டனில் மருத்துவத் தொழில் செய்த ஜான் மக்லீன், வில்சனுடன் சேர்ந்து 1977-இல் ஆஸ்திரேலியப் பல் மருத்துவ இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். மூன்றாவது கட்டுரை முழுவதும் கழுத்துத் தேய்வு பற்றியதே. பல்லைக் குடைய வேண்டுவதில்லை. பள்ளத்தைச் சுத்தம் செய்து, குழைத்த சிமெண்ட்டை வைத்தால் போதும். ஜி. வி. பிளாக்கின் காலத்திலிருந்து அடைப்புக்காக நல்ல பல்லைப் பலியிட்டு வந்த வழக்கத்துக்கு இவ்விடத்திலே விடை கொடுக்க முடிந்தது. சூட்டிலும் குளிரிலும் இப்பொருள் ஏறத்தாழப் பல்லைப் போலவே விரிந்து சுருங்குகிறது. சிலிக்கேட்டிடமிருந்து பெற்ற சொத்தாகப் புளோரைடும் இதிலிருந்து கசிகிறது. 1980-களின் நடுவில் தான்சானியாவில் தொடங்கி, மின்வசதியற்ற ஊர்களிலும் கைக்கருவிகளை மட்டும் கொண்டு சொத்தையை நீக்கி அடைக்கும் முறை பரவியதற்கும் இப்பொருளே துணை நின்றது.

குறையற்ற பொருள் உலகில் ஏது? கிளாஸ் அயனோமருக்குக் காம்போசிட்டின் மெருகும் ஒளியும் இல்லை. எளிதில் உடையும், தூரிகையால் சிறிது சிறிதாகத் தேயும். இறுகத் தொடங்கும் வேளையில் ஈரம் பட்டாலும் கெடும், மிகுதியாக உலர்ந்தாலும் வெடிக்கும். ஆகவே மேலே ஒரு பூச்சு வேண்டும். இக்குறைகளைப் போக்க 1980-களின் இறுதியில் இதனுடன் சிறிது பிசினைச் சேர்த்து, ஒளியால் இறுகும் கலப்பு வகையை உருவாக்கினர். நிறமும் உறுதியும் கூடின, பிடிப்பும் குறையவில்லை. 1990-களில் பிசினை முதன்மையாகவும் அயனோமர்க் கண்ணாடியைத் துணையாகவும் கொண்ட ‘காம்போமர்’ வந்தது. அதன் இயல்பு பெரிதும் காம்போசிட்டைப் போன்றதே; பல்லோடு தானே ஒட்டாது, ஒட்டுப்பசை வேண்டும்.

அப்படியானால் பற்கழுத்துக்கு எது சிறந்தது? இதனைக் கருத்தால் முடிவு செய்யாமல் கணக்கால் முடிவு செய்வதே விஞ்ஞான முறை. பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழகத்தினர், தேய்ந்த பற்கழுத்துகளில் வைத்த அடைப்புகளைப் பற்றிய பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி 2005-இல் ஒப்பிட்டனர். ஓராண்டில் தோல்வியுற்ற அடைப்புகளின் சராசரி, கிளாஸ் அயனோமரில் நூற்றுக்கு 1.9. மூன்று படிகளில் நிதானமாகப் பூசும் ஒட்டுப்பசையுடன் வைத்த பிசின் அடைப்பில் 4.8. எல்லாவற்றையும் ஒரே படியில் முடிக்கும் பசையில் 8.1. நேரத்தை மிச்சப்படுத்தச் செய்த சுருக்கவழி, பிடிப்பை விலையாகக் கேட்டது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. பின்னர் பசைகளும் முன்னேறின. அதே குழுவினர் 2014-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது, கிளாஸ் அயனோமரோடு மென்மையான அமிலங்கொண்ட இருபடிப் பசைகளும் முன்னணியில் நின்றன.

ஆகவே நம் நான்கு தேர்வுகளின் முடிவை இவ்வாறு தொகுக்கலாம். சிரித்தால் தெரியும் முன்பல்லில், ஈரத்தை நன்கு தடுக்க முடிந்து, மேல்விளிம்பில் நல்ல எனாமல் இருக்குமானால், அழகைக் கருதிக் காம்போசிட்டைத் தேர்வது பொருந்தும். ஈறோரம் ஈரம் கசியும் இடத்திலும், கடைவாய்ப் பல்லிலும், சொத்தை விழும் அபாயம் மிகுந்த முதியோரிடத்தும் கிளாஸ் அயனோமரோ அதன் கலப்பு வகையோ நம்பத்தக்கது. இரண்டையும் இணைத்து, அடியில் அயனோமரும் மேலே காம்போசிட்டுமாக வைப்பதும் உண்டு. எல்லா இடத்துக்கும் ஏற்ற ஒரே பொருள் என்று ஒன்றில்லை. இடமறிந்து பொருளைத் தேர்வதே அறிவு.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றில் நீங்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. கிளாஸ் அயனோமரைக் கண்டுபிடித்தவர்கள் வானத்திலிருந்து ஒரு புதிய பொருளைக் கொண்டுவரவில்லை. மற்றவர் கண்ட இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டு, இதில் எது குற்றம், எது குணம் என்று பிரித்தறிந்தனர். கரைந்துபோன சிலிக்கேட்டின் ஓரத்தில் சொத்தை விழாததைக் கண்டு ‘ஏன்’ என்று கேட்டவர் இல்லாதிருந்தால், அந்நற்குணம் அப்பொருளோடு மறைந்திருக்கும். அக்ரிலிக்கின் விளிம்பிலிருந்து ஊறிய நீர்த்துளியை உற்றுப் பார்த்தவர் இல்லாதிருந்தால், பிணைப்பின் தேவை இவ்வளவு தெளிவாகத் தெரிந்திராது. உங்கள் சோதனைச் சாலையில் ஒரு பரிசோதனை தவறும்போது, தவறிய குடுவையைக் கழுவி வைத்துவிடுவதற்கு முன் ஒரு முறை உற்று நோக்குங்கள்.

இறுதியாக ஒன்று. தெறிக்கும் மழைநீரை வேறு பக்கம் திருப்பாமல் சுவரை மட்டும் பூசிக்கொண்டிருப்பவர் ஆண்டுதோறும் பூச வேண்டியதுதான். எத்துணை நல்ல அடைப்பானாலும், தேய்வின் காரணம் நீங்காவிடில் அதன் பக்கத்திலேயே புதிய பள்ளம் விழும். சிறு தேய்வு எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்பதும் இல்லை. கூச்சமின்றி, ஆழமின்றி இருப்பதைக் கவனித்து வந்தாலே போதும் என்று மருத்துவர் சொல்வதுண்டு. மென்மையான தூரிகையை அழுத்தாமல் பிடியுங்கள். சொரசொரப்பான பொடிகளை விடுங்கள். புளிப்பானதைப் பருகினால் வாயைத் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தேய்க்காதீர்கள். நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் தேடிக் கண்ட பொருள்கள் நம் பல்லைப் போன்றவையே அன்றி, நம் பல் அல்ல. இயற்கை ஒருமுறை தந்த எனாமலை மறுமுறை உருவாக்கும் ஆற்றல் நம் உடலுக்கு இல்லை. இருப்பதைக் காப்பதே எல்லா அடைப்புகளினும் சிறந்த அடைப்பு.